இராஜபாளையத்து வேட்டை நாய்

ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும் பொருள்கள் தமிழ்நாட்டில் பலவுண்டு. திண்டுக்கல் என்றால் பூட்டும், பத்தமடை என்றால் பாயும், சேலம் என்றால் மாங்கனியும், மதுரை என்றால் மல்லிகையும் நினைவுக்கு வருகின்றன. பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து குடியமர்ந்திருக்கும் நமக்கு, இப்பெயர்களைக் கேட்டவுடன் உள்ளம் ஊரை நோக்கி ஓடுதல் இயல்பே. அவ்வரிசையில் உயிருள்ள ஒன்றும் இடம்பெற்றுள்ளது. அதுவே இராஜபாளையத்து வேட்டை நாய்.

பூட்டும் பாயும் கைவினைஞரின் தொழிலால் உண்டாவன. ஒரு தலைமுறை அத்தொழிலைக் கைவிட்டாலும், கற்றவர் ஒருவர் எஞ்சியிருப்பின் மறு தலைமுறை அதனை மீண்டும் தொடங்கலாம். உயிரினமோ அத்தகையதன்று. அற்றுப்போனால் மீளாது. அற்றுப்போகாமலே கெட்டுப்போதலும் கூடும். அப்போது பெயர் நிற்கும், உருவமும் நிற்கும், அவற்றுள் இருந்த நலம் மட்டும் நீங்கிவிடும். இராஜபாளையத்து நாயின் வரலாற்றை நாம் இம்மலரில் எடுத்துரைக்க முற்படுவது, பழம்பெருமை பேசி மகிழ்வதற்காக மட்டுமன்று. அந்நாயின் பெயர் இந்தியாவெங்கும் பரவி, நம்மைப் போன்று வெளிநகரங்களில் வாழும் குடும்பத்தினரும் விலை கொடுத்து வாங்க விரும்பும் காலம் இது. அவ்வினம் நன்னிலையில் வாழ்வதும் தாழ்வதும் வாங்குவோர் கையிலும் உள்ளமையால், அதன் கதையை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பழந்தமிழர் வாழ்வில் நாய்

தமிழகத்தில் நாயைப் பேணும் வழக்கம் மிகத் தொன்மையானது. சங்க நூல்களில் நாயைக் குறிக்க ஞமலி, ஞாளி முதலிய சொற்கள் வழங்குகின்றன. குறிஞ்சி நிலத்து வேட்டுவரோடு அவர்தம் நாய்களும் அந்நூல்களிற் காணப்பெறுகின்றன. இலக்கியத்தோடு கல்வெட்டும் இதற்குச் சான்று பகர்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்ததாகிய, கி.பி. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் உயிர்துறந்த செய்தியோடு, அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. வீரனின் உருவத்தருகே நாயின் உருவமும் செதுக்கப்பெற்றிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் அக்கல் நமக்கு அறிவிக்கின்றது.

அரசர் பெயரே மறைந்துபோகும் காலவெள்ளத்தில், ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிலைத்து நிற்கின்றது. அந்நாய் எந்நிறத்தது என்பதைக் கல் கூறவில்லை. அது செய்த செயலையே கூறுகின்றது. இவ்வுண்மையை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பாளையங்களும் வேட்டை நாய்களும்

கி.பி. 16-ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி நிறுவப்பட்டது. விசுவநாத நாயக்கரும் அவர்தம் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்று வரலாறு கூறும். பாளையக்காரர் தத்தம் எல்லையிற் காவல் புரிந்தனர், படை திரட்டினர், வரி தண்டினர், வேட்டையாடினர். காவலுக்கும் வேட்டைக்கும் அவர்கள் வளர்த்த பெரிய நாய்களைப் பிற்காலத்து ஆங்கிலேயர் ‘பாளையக்காரர் நாய்’ என்ற பெயரால் குறித்தனர்.

விசயநகரப் பேரரசின் காலத்தையொட்டி ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறிய இராஜுக்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவை அடுத்த பகுதியிற் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். அவர்கள் பெயரைத் தாங்கியதே இராஜபாளையம். முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 1985-ஆம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, இன்று விருதுநகர் மாவட்டம் என வழங்கும் பகுதியில் அமைந்தது. சென்னை மாகாண முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை விளங்கிய பூ. ச. குமாரசுவாமி ராஜா பிறந்த ஊரும் இதுவே. புலம்பெயர்ந்து வந்த மக்கள் புகுந்த மண்ணில் வேரூன்றி, அம்மண்ணுக்கே பெயர் தேடித் தந்த வரலாற்றுக்கு இவ்வூர் ஓர் எடுத்துக்காட்டு. அவர்கள் பேணி வளர்த்த நாய் இன்று தமிழகத்தின் நாய் என்றே நாடெங்கும் அறியப்படுகின்றது.

அந்நாயின் தோற்றத்தைச் சிறிது காண்போம். தோள் வரையிலான உயரம் ஏறத்தாழ 65 முதல் 75 செண்டிமீட்டர். ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், வளைந்த வால், குட்டையாகப் படிந்த மயிர், மடிந்து தொங்கும் காதுகள். பால்வெண்மையான மேனியும், இளஞ்சிவப்பு மூக்கும், பொன்னிறக் கண்களும் இவ்வினத்தின் தலையாய அடையாளங்கள் எனப் போற்றப்படுகின்றன. வீட்டாரிடம் பற்றும் அயலாரிடம் ஐயமும் கொண்ட இயல்பினது. ஓடுவதற்கென்றே அமைந்த உடலாதலின், ஓரிடத்திற் கட்டிப்போட்டால் அமைதி கொள்வதில்லை.

இத்தகைய உடலும் குணமும் தாமாக அமைந்துவிடவில்லை. மலையடிவாரத்துக் காட்டுப்பன்றி வேட்டைக்கு இந்நாய்கள் பயன்பட்டன. காட்டுப்பன்றி எளிய விலங்கன்று. அதன் கோரைப்பல் ஒரே வீச்சில் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். அதனை எதிர்க்கும் நாய்க்கு வேகம் வேண்டும், துணிவு வேண்டும், துணிவினும் மேலாக, எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது என்னும் அறிவு வேண்டும். புதரில் எழும் சிற்றொலியைக் கேட்கவும், வேட்டைத் தலைவனின் குரலுக்குத் திரும்பவும் கூரிய செவி வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்த நாய் வேட்டைக்களத்திலேயே வீழ்ந்தது. அல்லது வேட்டைக்கு ஆகாதென்று ஒதுக்கப்பட்டது. எஞ்சிய நாய்களே அடுத்த தலைமுறைக்குத் தாயும் தந்தையும் ஆயின. வளர்த்தவர் ஏடெடுத்து எழுதி வைக்காவிடினும், காட்டுப்பன்றியே ஆசிரியனாக இருந்து தேர்வு நடத்திற்று என்று கூறுதல் மிகையாகாது.

தொழில் மறைந்த வரலாறு

இவ்வேற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ஆம் ஆண்டு அக்டோபரில் மருது சகோதரரும் அவ்வாறே மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில், பாளையக்காரரும் மக்களும் படைக்கலம் தாங்குதல் கூடாதெனக் கும்பினி அரசு ஆணை பிறப்பித்தது. 1803-இல் எஞ்சிய பாளையக்காரர் நிலவரி செலுத்தும் ஜமீன்தாரர் ஆக்கப்பட்டனர். அப்போர்களில் இந்நாய்கள் பாசறைகளைக் காத்தன என்றும், பகைவர் குதிரைகளின் கால்களைக் கவ்வின என்றும் செவிவழிச் செய்திகள் வழங்குகின்றன. அச்செய்திகள் ஒருபுறமிருக்க, போருக்குப் பின் நாய்களின் நிலை மாறியது தெளிவு. பாளையத்தின் காவலனாக இருந்த நாய், ஜமீன் மாளிகையின் வேட்டைத் துணையாக மட்டும் எஞ்சியது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன் முறையும் ஒழிந்தது. உழுபவர் உரிமைக்கு அது நன்மை பயந்த சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பத்துப் பதினைந்து பெரிய நாய்களுக்கு நாள்தோறும் இரையிட்டு வளர்க்கும் வசதி படைத்த மனைகள் அதன்பின் அருகின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. ஒருகாலத்தில் நாய்கள் குரைத்தோடிய அம்மலைத்தொடர், 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் என அறிவிக்கப்பட்டது. காடும் விலங்கும் காக்கப்படுதல் முறையே; எவரும் அதற்கு வருந்தவேண்டியதில்லை. நாம் குறிப்பிட விரும்புவது வேறு. தேர்வு நடத்திய ஆசிரியன் களத்தைவிட்டு நீங்கினான். அவ்விடத்தில் எவர் அமர்ந்தனர் என்பதே வினா.

வெண்மையின் விலை

அவ்விடத்தில் அமர்ந்தது, மனிதனின் கண்ணே. நாய் என்ன செய்கிறது என்று பார்த்த காலம் போய், நாய் எப்படித் தோன்றுகிறது என்று பார்க்கும் காலம் வந்தது. வெண்மை நிறம் முன்னரும் விரும்பப்பட்டதே. புதரிடையேயும் மங்கிய ஒளியிலும் வெள்ளை நாயை வேட்டைக்காரர் எளிதிற் கண்டுகொள்ளலாம். ஆயின் அக்காலத்தில் வெண்மை, செயலுக்குப் பின்னரே வைத்து எண்ணப்பட்டது. பிற்காலத்தில் வெண்மையே முதலாயிற்று. இவ்வினத்தில் பழுப்பும் கருமையும் புள்ளியும் கொண்ட குட்டிகளும் பிறப்பதுண்டு. வெள்ளையையே வாங்குவோர் விரும்பினமையால், நிறம் கலந்த குட்டிகள் பிறந்தவுடனே அகற்றப்பட்டன. அவற்றோடு அவை தாங்கியிருந்த நன்மரபும் அழிந்தது.

இங்கே அறிவியல் கூறும் உண்மையொன்று கருதத்தக்கது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் நுண்ணணுக்கள், கரு வளரும்போது முதுகுப்புறத்தே தோன்றி உடலெங்கும் பரவுகின்றன. அவற்றுட் சில உட்செவியையும் சென்றடைகின்றன. ஒலியை உணரும் நுண்மயிரணுக்கள் உயிர்வாழத் தேவையான சூழலை உட்செவியிற் காப்பதற்கு அந்நிற அணுக்கள் இன்றியமையாதவை. மிகுந்த வெண்மை கொண்ட நாய்களில் இவ்வணுக்கள் உட்செவி வரை சென்று சேராமற் போவதுண்டு. அவ்வாறு நேரின், குட்டி பிறந்து மூன்று நான்கு வாரங்களுக்குள் செவியின் உணர்வணுக்கள் அழிந்துவிடும். அழிந்தவை மீண்டும் தோன்றா. மருந்தும் இல்லை. மேனி வெளுத்ததற்கும் செவி கேளாமைக்கும் உள்ள தொடர்பு இதுவே.

இது இராஜபாளையத்து நாய்க்கு மட்டும் உரிய குறையன்று. வெள்ளை மேனியிற் கரும்புள்ளி கொண்ட டால்மேஷன் என்னும் மேனாட்டு இனத்திலும் இதுவே நிகழ்கின்றது. அமெரிக்காவிற் சோதித்துப் பார்த்த டால்மேஷன் நாய்களுள் 100-க்கு ஏறத்தாழ 30 நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுகளுமோ கேட்பதில்லை என்று கண்டனர். பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டுடன் பிறக்கும் டால்மேஷன் குட்டிகளிற் செவிட்டுத்தன்மை குறைவு என்பதும் கண்டறியப்பட்டது. ஆயினும் அத்திட்டு அழகுக்குக் குறை என்று காட்சிப் போட்டிகளில் அந்நாய்கள் தள்ளப்பட்டன. செவி நன்றாயிருக்கும் குட்டியை ஒதுக்கி, செவி கெடக்கூடிய வழியைத் தேர்ந்தெடுத்தனர். அழகைப் பற்றிய மனிதனின் ஆசை எத்தகைய பிழைக்கு இடந்தரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ!

இரு காதும் கேளாத குட்டியைக் கண்டறிதல் எளிது. தாய் வந்ததும் மற்றக் குட்டிகள் விழித்தெழ, அது மட்டும் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியோ, கைதட்டினால் திரும்பிப் பார்க்கும், குறையற்றதாகவே தோன்றும், வளர்ந்தபின் அக்குறையைத் தன் மக்களுக்கு வழங்கும். காதினுட் சிறு ஒலியைச் செலுத்தி, மூளையில் அதற்கு எழும் மின்னலையை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. ஐந்து வாரக் குட்டிக்கே அதனைச் செய்யலாம். அச்சோதனையின்றி ஒரு காதின் குறையை உறுதியாக அறிய இயலாது.

நெருங்கிய உறவின் தீங்கு

வெண்மை வேட்கையோடு மற்றொரு தீங்கும் சேர்ந்தது. நல்ல வெள்ளை நாய்கள் சிலவாக, அவற்றை வேண்டுவோர் பலராயினர். ஒரே கடுவனைப் பல பெட்டைகளோடு சேர்த்தனர். அவற்றின் மக்களைத் தம்முள்ளே சேர்த்தனர். தாயோடு மகனையும், தமையனோடு தங்கையையும் இணைத்தனர். உடன்பிறந்த இரண்டுக்குப் பிறக்கும் குட்டியில், எந்த ஒரு மரபுக்கூறும் தாய் வழியும் தந்தை வழியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்ததாக அமையும் வாய்ப்பு 100-க்கு 25. தாய் மகன் இணைப்பிலும் அதே அளவு. ஒன்றுவிட்ட உறவுகளின் இணைப்பில் அது 6.25 ஆகக் குறைகின்றது. மறைந்திருக்கும் குறைகள், இருவழியாலும் ஒன்றுகூடும்போதே வெளிப்படும். ஆதலின் உறவு நெருங்க நெருங்கக் குட்டிகளின் எண்ணிக்கை குறையும். நோயை எதிர்க்கும் ஆற்றல் தளரும். பரம்பரைக் குறைகள் தலைகாட்டும். இருபக்கமும் காப்பாற்றவேண்டிய நடுவழி இங்கு உண்டு. உறவை முற்றிலும் விலக்கிப் பிற இனத்தோடு கண்டபடி கலந்தால் இனம் மறையும். உறவுக்குள்ளேயே சுழன்றால் இனம் மெலியும்.

பிறர் கண்ட வழி

இத்தகைய இடர் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அயர்லாந்து நாட்டில் ஓநாய் வேட்டைக்கென ஓங்கி வளர்ந்த பெருநாய்கள் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டில் ஓநாய் அற்றுப்போகவே, நாய்களும் அருகி மறையும் நிலை எய்தின. 1860-களில் கேப்டன் கிரகாம் என்பார் எஞ்சியிருந்த சிலவற்றைத் தேடித் திரட்டி, ஸ்காத்லாந்து மான்வேட்டை நாயையும் பிற பேரினங்களையும் அளவறிந்து கலந்து, இருபதாண்டுக்கு மேலாக உழைத்து அவ்வினத்தை மீட்டார். 1885-இல் அதற்கெனக் கழகம் ஒன்று தோன்றியது.

டால்மேஷன் நாயைப் பற்றி மேலே கூறினோம். அவ்வினத்தில் சிறுநீர்க்கல் உண்டாக்கும் மரபுக்குறை ஒன்றும் பரவியிருந்தது. 1973-இல் அமெரிக்க அறிஞர் ஒருவர் பாயிண்டர் என்னும் இனத்தோடு ஒரே ஒருமுறை கலந்து, பின்னர்த் தலைமுறைதோறும் டால்மேஷனோடே இணைத்து, அக்குறை நீங்கிய வழியொன்றை உருவாக்கினார். அந்நாட்டு நாய்க் கழகம் அவ்வழியை நிலையாக ஏற்றுக்கொள்ள 2011 வரை ஆயிற்று. தூய்மை என்பது பதிவேட்டில் இருக்கும் எழுத்தா, நாயின் உடலில் இருக்கும் நலமா என்னும் வழக்கு தீர்வதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன.

நம் நாட்டிலேயே கருநாடகத்தில் முதோள் வேட்டை நாய் உண்டு. முதோள் சமஸ்தானத்து மன்னர் மாலோஜிராவ் கோர்படே, வேட்டுவக் குடியினரிடம் இருந்த அந்நாய்களின் சிறப்பைக் கண்டு, தேர்ந்தெடுத்து வளர்ப்பித்தார். இந்நாளில் அவ்வூரை அடுத்த திம்மாபுரத்தில் கருநாடகக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆராய்ச்சி மையம் இயங்குகின்றது. 2016-இல் அவ்வின நாய்கள் மீரட்டில் உள்ள இராணுவப் பயிற்சி மையத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டன. வேட்டைத் தொழில் நீங்கிய நாய்க்கு வேறு தொழில் தேடித் தருதலும் இனத்தைக் காக்கும் வழிகளுள் ஒன்று என்பதை இது காட்டுகின்றது.

மறுமலர்ச்சியும் அதன் இடரும்

இராஜபாளையத்து நாயை நாடு அடியோடு மறந்துவிடவில்லை. சென்னை சைதாப்பேட்டையில் தமிழ்நாடு அரசின் கால்நடைத் துறை நாட்டின நாய்களுக்கென ஓர் இனப்பெருக்க நிலையத்தைப் பல்லாண்டு நடத்திற்று. 2005-ஆம் ஆண்டு சனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு தலைகளில் இமயமலை ஆட்டுநாய், இராம்பூர் வேட்டை நாய், முதோள் வேட்டை நாய் ஆகியவற்றோடு இராஜபாளையத்து நாயும் இடம்பெற்றது. அரியானா மாநிலத்துக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம், இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோள் ஆகியவற்றை நாட்டின் நாயினங்களாகப் பதிவு செய்தது. 2020 ஆகஸ்டு 30-இல் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டின நாய்களை வளர்க்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டபோது இராஜபாளையத்தின் பெயரையும் குறிப்பிட்டார். 2024-இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது.

இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியன. எனினும் ஒன்றை மறத்தலாகாது. புறக்கணிப்பால் ஓர் இனம் மெலிவது போலவே, திடீர்ப் புகழாலும் மெலியும். வேண்டுவோர் மிகுந்தால் விற்போர் மிகுவர். பெட்டை நாய் ஓய்வின்றி ஈன்றுகொண்டேயிருக்கும். செவி கேளாத குட்டியும் வெண்மையின் பெயரால் விலைபோகும். வேறு வெள்ளை நாயோடு கலந்த குட்டியும் இராஜபாளையம் என்ற பெயரோடு இரயிலேறும்.

இதனைத் தடுக்கவே 2017-ஆம் ஆண்டு இந்திய அரசு நாய் இனப்பெருக்க விதிகளை வகுத்தது. நாய் வளர்த்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்திற் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையை இனப்பெருக்கத்துக்கு விடுதல் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் ஆகாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் ஆகாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றல் கூடாது. விதிகள் நல்லவையே. ஆயினும் ஊர்தோறும் வீடுதோறும் சென்று பார்க்கும் கண்காணிப்பாளர் எவருமிலர். வாங்குவோர் கேட்கும் கேள்வியே சிறந்த காவல்.

பொறுப்புள்ள வளர்ப்பு எது?

நல்ல வளர்ப்பாளர் முதலில் நாயின் நலத்தையும் குணத்தையும் பார்ப்பார். நிறத்தை இறுதியிற் பார்ப்பார். இணைசேர்க்கும் முன் இரண்டுக்கும் செவி நலம் உண்டா என்று ஆராய்வார். செவி குறைந்த நாய், எத்துணை வெண்மையாயினும், எத்துணை உயர்ந்த மரபினதாயினும், அதனைத் துணையாக மட்டும் வளர்ப்பாரேயன்றி வித்தாகக் கொள்ளார். முன்னோர் மூன்று நான்கு தலைமுறையை ஏட்டில் எழுதி வைத்து, உறவு நெருங்காத துணையைத் தேடி அயலூர்க்கும் செல்வார். நிறம் கலந்த குட்டியைக் கொல்லார். 63 நாள் சூல் தாங்கிய தாய்க்கு நல்லுணவும், ஈன்றபின் நெடிய ஓய்வும் தருவார். குட்டிக்கு உரிய காலத்திற் பூச்சி நீக்க மருந்தும், பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்குத் தடுப்பூசியும், பின்னர் வெறிநோய்த் தடுப்பூசியும் இடச் செய்வார். வாங்க வருவோரைத் தாமே வினவுவார். ஓடுவதற்கு இடமில்லாத வீட்டாருக்குக் குட்டியைத் தர மறுக்கவும் செய்வார். பின்னொரு நாள் வளர்க்க இயலாமற் போனால் அந்நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் உடன்படுவார். இவ்வாறு செய்பவருக்கு ஊதியம் பெரிதாக இராது. அத்தகையோர் இராஜபாளையத்திலும் சுற்றூர்களிலும் இன்றும் இருக்கின்றனர். அவர்களால்தான் அவ்வினம் இதுவரை வாழ்கின்றது.

குடியிருப்பில் வாழும் நம் கடமை

இனி நம் நிலைக்கு வருவோம். நாம் வாழ்வது குடியிருப்புகளில். பலருக்கு இரண்டறை மூன்றறை வீடு. மாடிக்கு மேல் மாடி. ஊர் நினைவு பெருகும்போது, ஊர்ப் பெயர் தாங்கிய நாயொன்று வாசலில் நிற்பது பெருமையாகத் தோன்றும். அப்பெருமைக்காக மட்டும் அந்நாயை வாங்குதல் அதற்கும் நமக்கும் துன்பமே தரும். காட்டுப்பன்றியைத் துரத்திய உடல், நாள்தோறும் காலையும் மாலையும் நெடுநேரம் நடக்கவும் ஓடவும் வேண்டி நிற்கும். கட்டிப்போட்டால் கதவைச் சுரண்டும், இரவெல்லாம் குரைக்கும், அயலாரைக் கண்டு சீறும். பின்னர் அண்டை வீட்டார் மனம் கசந்து, அந்நாய் தெருவில் விடப்படும். வடநாட்டில் வாழ்வோர்க்கு மற்றொன்றும் உண்டு. குட்டையான மயிரும் இளஞ்சிவப்புத் தோலும் கொண்ட இந்நாய் வெப்ப நாட்டில் வளர்ந்தது. மார்கழி தை மாதக் கடுங்குளிரில் அதற்கு வெம்மையான படுக்கையிடம் இன்றியமையாதது. கோடையிலோ நிறமற்ற தோலைக் கடும் வெயில் புண்படுத்தும்.

இடமும் நேரமும் உள்ளவர் வாங்கலாம். வாங்குமுன் நேரிற் சென்று தாய் நாயைக் காணவேண்டும். முன்னோர் ஏட்டைக் கேட்கவேண்டும். செவிச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்கவேண்டும். பதிவுச் சான்றைக் கேட்கவேண்டும். புகைப்படத்தைக் கண்டு பணம் அனுப்பிப் பார்சலில் வருவித்துக்கொள்ளுதல், தீயவரை ஊக்குவிப்பதாகவே முடியும். வெண்மைக்கு மிகுவிலை தருவதை நாம் நிறுத்தினால், வெண்மைக்காகக் குட்டிகளைக் கெடுப்பதும் நின்றுபோகும். மெல்லிய பழுப்புத் திட்டுள்ள, ஆனால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் குட்டியை வாங்குவோர் பத்துப்பேர் இருப்பின், அதனைக் கொல்லாது வளர்ப்போரும் பத்துப்பேர் தோன்றுவர். இடமில்லாதவர், தெருவிற் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றுக்கு வாழ்வளிக்கலாம். அதுவும் நம் மண்ணின் நாயே.

ஊர்ப்பற்று என்பது ஊரின் பொருளை நம்மிடம் கொண்டுவந்து வைத்துக்கொள்வது மட்டுமன்று. அப்பொருள் தன் ஊரில் நலமுடன் தழைக்க வழி செய்வதும் ஆகும். எடுத்தனூர்க் கல்லிற் கோவிவனின் பெயரைப் பொறித்தவர், அதன் செயலை மதித்துப் பொறித்தனர். இராஜபாளையத்து நாயையும் அதன் செவிக்காகவும் துணிவுக்காகவும் பற்றுக்காகவும் மதிக்கும் வழக்கத்தை மீண்டும் நிலைநாட்டுதல் தமிழ் மக்களாகிய நம் கடமை. அவ்வழக்கம் நிலைபெறின், நம் பேரக் குழந்தைகள் விடுமுறைக்கு ஊர் செல்லும் நாளில், மேற்குமலையின் அடிவாரத்து வீட்டு முற்றத்தில் நின்று அவர்கள் கூப்பிட, அந்த வெள்ளை நாய் செவியை உயர்த்திக் கேட்டு ஓடிவரும்.